லினக்ஸில் இணைப்பு அறுந்தால்

கோடையில் சான் ரமோனில் சனிக்கிழமை இரவு எட்டரை மணி என்றால் ஊரில் ஞாயிறு காலை ஒன்பது. அம்மா திரைக்கு முன்னால் வந்து உட்காரும் நேரம். அப்படி ஒரு சனிக்கிழமை என் லினக்ஸ் மடிக்கணினியில் இணைய இணைப்பு இல்லை. பதற்றத்தில் கண்ணில் பட்ட அமைப்புகளையெல்லாம் மாற்றினேன். ஒரு மணி நேரத்தில் ஒரு கோளாறு மூன்றாகியிருந்தது. அதற்குப் பிறகு நான் கைக்கொண்ட முறையை இங்கே தருகிறேன். எங்கே அறுந்திருக்கிறது என்று முதலில் பார்ப்பது, பிறகுதான் மாற்றுவது. அருகிலிருந்து தொலைவுக்குப் போகவேண்டும்.

முதலில் கணினி. முனையத்தில் 'ஐபி அட்ரெஸ்' என்ற கட்டளை, வலை அட்டைக்குக் கிடைத்த முகவரியைக் காட்டும். (பழைய 'இஃப்கான்ஃபிக்' இப்போது பல லினக்ஸ் வழங்கல்களில் தானாக நிறுவப்படுவதில்லை.) முகவரியே இல்லை, அல்லது 169.254 என்று தொடங்குகிறது என்றால், முகவரி வழங்கும் டிஎச்சிபி சேவையிடமிருந்து பதில் வரவில்லை என்று பொருள். கம்பியையும் வைஃபை கடவுச்சொல்லையும் பாருங்கள்.

அடுத்து வீட்டு ரூட்டர். 'ஐபி ரூட்' கட்டளை தரும் விடையில் 'டிஃபால்ட்' என்று தொடங்கும் வரியில் ரூட்டரின் முகவரி இருக்கும். அதற்கு 'பிங்' அனுப்புங்கள். அமெரிக்க ராணுவ ஆய்வகம் ஒன்றில் மைக் மூஸ் 1983 டிசம்பரில் எழுதிய சிறு நிரல் இது. நீர்மூழ்கிகளைத் தேடும் சோனாரின் ஒலியே அதன் பெயர். ரூட்டர் பதில் சொன்னால் வெளியே 8.8.8.8 என்ற எண்ணுக்கு அனுப்பிப் பாருங்கள். பிங்குக்குப் பதில் சொல்லாத கருவிகளும் உண்டு என்பதால், ஒரு மௌனத்தை மட்டும் வைத்து முடிவு கட்டவேண்டாம்.

எண்ணுக்குப் பதில் வருகிறது, பெயருக்கு வரவில்லை என்றால் கோளாறு டிஎன்எஸ்ஸில். என் கதை இதுதான். முந்தைய வேலைக்காக நானே கையால் எழுதிவைத்த டிஎன்எஸ் முகவரி அப்படியே கிடந்தது. இன்றைய உபுண்டுவில் 'ரிசால்வ்.கான்ஃப்' கோப்பைத் திறந்தால் 127.0.0.53 என்று இருக்கும். அது பிழையல்ல, கணினிக்குள்ளேயே இயங்கும் இடைத்தரகர். உண்மையான முகவரியை 'ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்' காட்டும். அந்தக் கோப்பைக் கையால் திருத்தினால் மாற்றம் நிலைக்காது; நெட்வொர்க் மேனேஜர் வழியாகவே மாற்றுங்கள்.

எங்கள் ஊரிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய பெர்க்கிலியில், 1986 அக்டோபரில் இதைவிடப் பெரிய கோளாறு நடந்தது. லாரன்ஸ் பெர்க்கிலி ஆய்வகத்துக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும் இடையே 400 கஜம்தான் தூரம். அந்த இணைப்பின் வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து வெறும் 40 பிட்டாக விழுந்தது. வான் ஜேக்கப்சனும் மைக் கேரல்ஸும் பொட்டலங்கள் போகும் விதத்தை ஆராய்ந்தார்கள். நெரிசலில் பொட்டலங்கள் தொலைய, கணினிகள் திரும்பத் திரும்ப அனுப்பி நெரிசலைக் கூட்டிக்கொண்டிருந்தன. அதைக் கண்டபிறகே டிசிபி நெறிமுறையைத் திருத்தினார்கள். 1988இல் ஜேக்கப்சன் வெளியிட்ட அந்தத் தீர்வின் அடிப்படை இன்றைய லினக்ஸிலும் இருக்கிறது. பொட்டலம் எந்த வழியாகப் போகிறது என்று காட்டும் 'டிரேஸ்ரூட்' நிரலும் அவர் எழுதியதே.

இந்த நான்கு சோதனைகளுக்கும் ஐந்து நிமிடம் போதும். அன்று எனக்குத் தெரிந்திருந்தால் அம்மா ஒரு மணி நேரம் காத்திருந்திருக்கமாட்டார்.