முதல் நூல் எது? – குவாண்டம் இயங்கியல் பாடநூல்களின் கதை



சென்ற பள்ளி விடுமுறையில் என் முன்னாள் மாணவி ஒருத்தி தன் தந்தையுடன் சாஆவிலுள்ள என் இல்லத்திற்கு வந்திருந்தாள். முதலாம் ஆண்டில் என்னிடம் அகரம் எழுதப் பழகியவள். இன்று பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயில்கிறாள். தந்தை செம்பனைத் தோட்டத்தில் பணிபுரிபவர். குவாண்டம் இயங்கியல் பாடம் தொடங்கியதும், நூலகத்தில் இருந்தவற்றுள் பெரும்புகழ் பெற்ற நூலையே தேடி எடுத்துப் படித்திருக்கிறாள். இரண்டு வாரமாகியும் ஒரு பக்கம்கூட விளங்கவில்லையாம். "எனக்கு இயற்பியல் வராது போலிருக்கிறது, டீச்சர். வேறு துறைக்கு மாறிவிடலாமா என்று பார்க்கிறேன்," என்றாள். தந்தையோ, "ஒரு புத்தகம் வாங்கித் தர என்னால் முடியும், டீச்சர். எது என்று மட்டும் சொல்லுங்கள்," என்றார்.

நான் எஸ்.டி.பி.எம். வரைதான் இயற்பியல் படித்தேன். அதன்பின் ஆசிரியர் பயிற்சிக்குச் சென்றுவிட்டேன். ஆயினும், ஒரு நூல் யாருக்காக எழுதப்பட்டது என்பதை அதன் முதல் அத்தியாயத்தைக் கொண்டே ஓரளவு கணித்துவிடலாம் என்பது என் தொழில் எனக்குக் கற்பித்த பாடம். இயற்பியல் விரிவுரையாளராகப் பணியாற்றும் தோழியிடம் சில நூல்களை இரவல் பெற்றேன். அவற்றின் வரலாற்றையும் கேட்டறிந்தேன்.

மாணவி எடுத்த நூல் டிராக் எழுதியது. ஹைசன்பர்க் 1925ஆம் ஆண்டிலும் ஷ்ரோடிங்கர் 1926ஆம் ஆண்டிலும் புதிய இயங்கியலுக்கு வழி திறந்தனர். அதன்பின் நான்கே ஆண்டுகளில், 1930இல், டிராக்கின் நூல் வெளிவந்தது. அவருக்கு அப்போது வயது இருபத்தெட்டுகூட நிறையவில்லை! படங்கள் இல்லை, பயிற்சிக் கணக்குகளும் இல்லை. இயற்பியலை முன்பே கற்றுத் தேர்ந்தவர்களுக்கு ஒரு புதிய உலகை ஒழுங்குபடுத்திக் காட்டிய நூல் அது. அதனை முதற்பாடமாக எடுத்துக்கொண்டால் திகைப்பே மிஞ்சும். அவள் மீது குற்றமில்லை. 1949இல் வெளிவந்த ஷிஃப் என்பாரின் நூலும் நெடுங்காலம் உலகெங்கும் பாடநூலாக விளங்கியது; அதுவும் பட்டமேற்படிப்பு மாணவருக்கே உரியது.

இக்கதையில் சென்னைக்கும் ஓர் இடமுண்டு. மயிலாப்பூரில் 'ஏகாம்ர நிவாஸ்' என்ற தம் குடும்ப இல்லத்தில் அல்லாடி இராமகிருஷ்ணன் மாணவர்களைக் கூட்டிக் கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கு நடத்தி வந்தார். கட்டடமோ அரசு நிதியோ இல்லாமல், ஒரு வீட்டில் நடந்த வகுப்பு அது. 1960ஆம் ஆண்டு ஜனவரியில் அணுக் கோட்பாட்டின் தந்தையரில் ஒருவரான நீல்ஸ் போர் அங்கு வந்து, அவ்விளைஞர்களைக் கண்டு வியந்தார். அந்தப் பாராட்டு பிரதமர் நேருவின் கவனத்திற்கும் எட்டியது. 1962 ஜனவரி 3ஆம் நாள் சென்னையில் கணித அறிவியல் கழகம் தோன்றியது. (தோட்டப்புறங்களில் வீட்டுத் திண்ணையில் மாலை வகுப்பு நடத்திய நம் ஆசிரியர்கள் என் நினைவுக்கு வந்தனர்.)

அதே இராமகிருஷ்ணனோடு 1950களில் ஆய்வுக்கட்டுரைகள் எழுதியவர் பி.எம். மேத்யூஸ். சென்னைப் பல்கலைக்கழகத்தில் கோட்பாட்டு இயற்பியல் கற்பித்த இவர், கே. வெங்கடேசனுடன் இணைந்து எழுதிய குவாண்டம் இயங்கியல் பாடநூல் 1976இல் வெளிவந்தது. இந்தியாவில் எத்தனையோ முதுகலை மாணவர்கள் இதைப் படித்தே தேர்வெழுதினர். இந்நூல் பழைய இயற்பியல் எங்கே தோற்றது என்பதில் தொடங்குகிறது. அந்த முறை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் கணக்குகள் விரைந்து செல்கின்றன; இடைப்படிகளை வாசகரே நிரப்பிக்கொள்ள வேண்டும். பின்னாளில் மேத்யூஸ் பூமியின் அச்சு அசைவைக் கணித்த குழுவிலும் இருந்தார். அவர்களுடைய கணிப்பை அனைத்துலக வானியல் ஒன்றியம் ஏற்றுக்கொண்டது.

இன்னொருவர் ஆர். ஷங்கர். சென்னை ஐ.ஐ.டி.யில் மின்பொறியியல் பயின்று 1969இல் பட்டம் பெற்றவர். பின்னர் அமெரிக்கா சென்று இயற்பியலுக்கு மாறினார். யேல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றுகையில், 1980இல் தம் நூலை வெளியிட்டார். முதல் அத்தியாயம் முழுவதும் கணிதமே! குவாண்டத்திற்கு வேண்டிய நேரியல் இயற்கணிதத்தை முதலில் பொறுமையாகக் கற்பித்துவிட்டுத்தான் இயற்பியலுக்குள் நுழைகிறார். துறை மாறி வந்தவர் என்பதாலோ என்னவோ, கற்பவர் எங்கே தடுமாறுவார் என்பதை நன்கு உணர்ந்திருக்கிறார். எனினும் நூல் கனமானது. இரண்டாம் நூலாக இதைவிடச் சிறந்த ஒன்றை நான் காணவில்லை.

நான் முடிவில் பரிந்துரைத்தது கிரிஃபித்ஸ் எழுதிய நூல். அவர் பணியாற்றிய ரீட் கல்லூரி, இளநிலை மாணவரை மையமாகக் கொண்டது. 1990களின் நடுவில் வெளிவந்த இந்நூலின் மூன்றாம் பதிப்பு 2018இல் வந்தது. முதல் அத்தியாயத்திலேயே ஷ்ரோடிங்கர் சமன்பாட்டைக் கையில் கொடுத்து, கணக்குப் போடச் சொல்லிவிடுகிறார். ஆழமான கணித அமைப்பு மூன்றாம் அத்தியாயத்தில்தான் வருகிறது. 'இதன் பொருள் என்ன என்பதைப் பிறகு பேசலாம்' என்ற போக்கைச் சில அறிஞர்கள் குறை கூறுவதுண்டு. அக்குறையில் நியாயமும் உண்டு. ஆனால் நம் பிள்ளையின் நிலையை எண்ணிப் பாருங்கள். தமிழில் தொடங்கி, இடைநிலைப்பள்ளியில் மலாய்க்கு மாறி, பல்கலைக்கழகத்தில் ஆங்கில நூலை எதிர்கொள்பவள் அவள். கிரிஃபித்ஸின் ஆங்கிலம் எதிரே அமர்ந்து பேசுவதுபோல் எளிமையானது. நம்பிக்கை இழந்து நிற்பவளுக்கு முதலில் தேவை, தானாகப் போட்டு முடிக்கக்கூடிய ஒரு கணக்கு.

பொருள் பற்றிய ஏக்கம் தீர ஃபைன்மன் விரிவுரைகளின் மூன்றாம் தொகுதி இருக்கிறது. கால்டெக் கல்வி நிலையத்தின் இணையத்தளத்தில் காசு கொடுக்காமலே படிக்கலாம். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த வி. பாலகிருஷ்ணனின் விரிவுரைகளையும் இணையத்தில் இலவசமாகக் காணலாம். ஆகவே தந்தையின் பணம் ஒரே நூலுக்குப் போதும்.

பழைய இரண்டாம் பதிப்பொன்று குறைந்த விலைக்குக் கிடைத்தது. துறை மாறும் விண்ணப்பத்தைப் பாரம் நிரப்பாமலே வைத்திருப்பதாக மாணவி சொன்னாள். நூலுக்கு அவள் தந்தை, ஆரம்பப்பள்ளிக் காலத்தில் செய்ததைப் போலவே, நெகிழி உறை போட்டுக் கொடுத்தார். முன்னட்டையில் உயிருள்ள பூனை. பின்னட்டையில் அதே பூனை செத்துக் கிடக்கிறது. திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "இந்தப் பூனைக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார். 1935இல் ஷ்ரோடிங்கர் பெட்டிக்குள் அடைத்த அந்தக் கற்பனைப் பூனையைப் பற்றி மகள் தமிழிலேயே விளக்கத் தொடங்கினாள். நான் தேநீர் கலக்க எழுந்தேன்.