தாரும் கல்லும்

மனிதன் நடந்த தடம் பாதையாயிற்று. பாதை பின்னர்ச் சாலையாயிற்று. சாலைகளின் வரலாற்றை எழுதுவோர் அவற்றை அமைத்த அரசுகளையும் அவற்றின் நீளத்தையுமே பெரிதும் குறிப்பர். ஆனால், சாலையின் உயிர் கல்லுக்கும் அதனைப் பற்றி நிற்கும் கரிய பசைக்கும் இடையேயுள்ள பிணைப்பில் இருக்கிறது. அப்பிணைப்பு எவ்வாறு முதுமையடைகிறது என்பதை அறிய மனிதனுக்கு நெடுங்காலம் பிடித்தது.

கல்லின் காலம்

மக்கள் வழக்கில் தார் என்று சொல்லப்படும் நிலக்கீல், சில இடங்களில் மண்ணிலிருந்து தானே ஊறி வருவது. சிந்துவெளியில் மொகஞ்சதாரோவின் பெருங்குளத்தில் நீர் கசியாதிருக்க அதனை நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே பூசினர். கி.மு. ஏழாம் நூற்றாண்டிலேயே பாபிலோனியர் தம் ஊர்வலப் பாதையின் சுட்ட செங்கற்களை அதனால் இணைத்தனர்.

எனினும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் புதிய சாலைகள் பசையின்றியே எழுந்தன. ஸ்காட்லாந்தில் பிறந்த ஜான் லவுடன் மெக்காடம் (1756-1836), சிறிதாக உடைத்த கற்களை அடுக்கடுக்காகப் பரப்பினால், வண்டிகளின் பாரத்தாலேயே அவை ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் என்று காட்டினார். மாட்டுவண்டிக்கும் குதிரைவண்டிக்கும் அது போதுமானதாயிருந்தது. மோட்டார் வண்டி வந்ததும் நிலை மாறியது. விரைந்தோடும் இரப்பர்ச் சக்கரங்கள் கற்களுக்கிடையே இருந்த துகளைப் புழுதியாக எழுப்பின. துகள் நீங்கவே கற்கள் பெயர்ந்தன.

தாரின் வருகை

1902-இல் எட்கர் பர்னெல் ஹூலி என்னும் பிரிட்டானியப் பொறியாளர், நிலக்கரித் தாரையும் இரும்பாலைக் கசட்டையும் கலக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் அதற்கு முன்பே, 1870-இல் நியூவர்க் நகரிலும் 1876-இல் வாஷிங்டனிலும் நிலக்கீல் சாலைகள் இடப்பட்டிருந்தன. வாஷிங்டனுக்கு வேண்டிய நிலக்கீல் டிரினிடாட் தீவின் கீல் ஏரியிலிருந்து சென்றது. பின்னர்ப் பெட்ரோலிய ஆலைகள் பெருகவே, எண்ணெயைக் காய்ச்சி வடித்தபின் எஞ்சும் நிலக்கீலே உலகெங்கும் பரவியது.

முதுமையின் இயல்பு

புதிய சாலை கரியதாய், நெகிழ்வுடன் விளங்கும்; சில ஆண்டுகளில் வெளுத்து இறுகும். இதற்கு முதற்காரணம் காற்றிலுள்ள உயிர்வளி. ஏறத்தாழ 150 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் கல்லுடன் கலக்கும்போதே நிலக்கீலின் மெல்லிய படலம் உயிர்வளியை ஏற்று இறுகத் தொடங்குகிறது. பின்னர் வெயிலில் அது மெதுவாகத் தொடர்கிறது. இம்மாற்றத்தை ஆய்வுக்கூடத்தில் விரைவுபடுத்திக் காணும் முறையை 1960-களில் கலிபோர்னியப் பொறியாளர்கள் வகுத்தனர். சுழலும் குப்பிகளில் உள்ள நிலக்கீலை 163 பாகைச் சூட்டில் 85 நிமிடம் காற்றுப்படச் செய்வது அம்முறை.

நிலக்கீல் முதுமையுறும்போது கல்லுடன் அதன் பிணைப்பு என்னவாகிறது? இங்கே ஒரு முரண் உண்டு. உயிர்வளியால் புதிதாய்த் தோன்றும் பொருள்கள் கல்லின் மேற்பரப்பால் ஈர்க்கப்படுபவை. ஆகவே, உலர்ந்த நிலையில் பிடிப்பு வலுப்பெற்றதுபோல் தோன்றும். ஆனால், அவற்றுள் அமிலத்தன்மையுடைய சில, நீர் வந்ததும் எளிதில் இடம் விட்டு நீங்கிவிடுகின்றன. நீர் கல்லைப் பற்றிக்கொள்ள, பசை உரிகிறது. இறுகிய பசையோ நெகிழாமல் வெடிக்கிறது. வெடிப்பின் வழியே மேலும் நீர் புகுகிறது. சக்கரங்களின் அழுத்தம் அந்நீரை உள்ளே செலுத்துகிறது. முடிவில் குழி விழுகிறது.

கல்லின் இயல்பும் இதில் பெரும் பங்கு கொள்கிறது. மணற்சத்து மிகுந்த கருங்கல் நீரை விரும்பி ஏற்பது. சுண்ணாம்புக்கல் பசையை விடாது பற்றுவது. அமெரிக்காவில் 1987-இல் தொடங்கிய நெடுஞ்சாலைப் பேராய்வு, நீரைத் தாங்கும் பிணைப்புக்குப் பசையின் இயல்பைவிடக் கல்லின் இயல்பே முதன்மையானது என உணர்த்தியது. கருங்கல்லுடன் நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் நீற்றிய சுண்ணாம்பைச் சேர்த்தால் பிடிப்பு நிலைப்பதும், நிலக்கீல் முதுமையடைவது தணிவதும் ஆய்வுகளால் தெளிவாயின.

மலாயாச் சாலைகள்

ஓயாத வெயிலும் பெருமழையும் சேர்ந்த மலேசியாவில், முதுமையும் நீரும் சாலையை ஒருங்கே தாக்குகின்றன. இந்நாட்டின் கற்சுரங்கங்கள் பலவற்றில் கிடைப்பதும் கருங்கல்லே. எனவே, இவ்வரலாறு இந்நாட்டிற்கு அயலானதன்று.

ஆங்கிலேயர் ஆட்சியில் பொதுப்பணி இலாகாவின் சாலைத் தொழிலாளருள் தமிழர் பெருந்தொகையினர். கல்லை உடைத்தவர், சுமந்தவர், கொதிக்கும் தாரை ஊற்றியவர் எனப் பலராய் அவர்கள் உழைத்தனர். ஈரக் கல்லில் தார் பிடிக்காது என்பதை அறிய அவர்களுக்கு ஆய்வுக்கூடம் வேண்டியிருக்கவில்லை. மழை நாளின் வேலையே அதனைக் கற்பித்தது. பொறியாளர்களின் பெயர்கள் நூல்களில் நிற்கின்றன. இவர்களின் பெயர்களைச் சாலையோரக் கற்களும் சொல்வதில்லை.

1994-இல் முழுமை பெற்ற வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் இன்று மாணவர் விரைந்து செல்கின்றனர். வேதியியல் பாடத்தில் அவர்கள் படிக்கும் உயிர்வளியேற்றம் அச்சக்கரங்களின் கீழேயே நிகழ்கிறது. அதனைச் சுட்டிக்காட்டும் ஆசிரியர், அக்கல்லைப் பரப்பிய கைகளையும் சேர்த்தே சுட்டிக்காட்டுதல் வேண்டும். பிணைப்பு தளர்வது குழி விழுந்த அன்றன்று. அதற்குப் பல மழைக்காலங்களுக்கு முன்னரே. சாலையைக் காப்போர் அறிய வேண்டிய இவ்வுண்மையை, வரலாற்றைக் காப்போரும் அறிதல் நன்று.