அறுப்புக்குப் பிறகு

நம்பவைத்து ஏமாற்றியவனைப் பற்றி ‘காலை வாரிட்டான்’ என்கிறோம். எதிரியின் காலைத் தன் காலால் வாரி மல்லாத்தும் வித்தை ஒரு காலத்தில் மல்லர்களின் பெருமையாக இருந்திருக்க வேண்டும். நம் பேச்சில் அது துரோகத்துக்கான பெயராக மட்டும் தங்கிவிட்டது. ஜப்பானியர்கள் இதே வித்தைக்கு வயலிலிருந்து பெயர் எடுத்தார்கள். ஜூடோவில் இது ‘ஓசோட்டோ காரி’. பெரிய, வெளிப்பக்க, அறுப்பு. காரி என்பது அரிவாளால் புல்லையோ கதிரையோ அறுப்பதைக் குறிக்கும் சொல்.

உளுந்தூர்பேட்டைப் பக்கத்து ஆட்களுக்கு இந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை. இப்போது எல்லா வயலிலும் மெஷின் இறங்கிவிட்டது, அது வேறு கதை. கையறுப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அரிவாள் பிடித்த கை பாதி வேலையைத்தான் செய்யும். இடக்கை நெற்குத்தைச் சேர்த்துப் பிடித்துச் சாய்த்துக் கொடுக்க வேண்டும். பிடிக்காமல் அரிவாளை மட்டும் வீசினால் தாள் வளைந்து கொடுக்குமே தவிர அறுபடாது.

கானோ ஜிகோரோ 1882-ல் டோக்கியோவில் ஒரு புத்தக் கோயிலின் அறையில் கோடோகன் பள்ளியைத் தொடங்கி, பழைய ஜூஜுட்சு வித்தைகளை ஜூடோவாக ஒழுங்குபடுத்தினார். அவருடைய பாடத்தில் ஓசோட்டோ காரி ஆரம்பப் பாடங்களில் ஒன்று. ஒரு கை எதிரியின் சட்டைக் கழுத்தை, இன்னொரு கை அவன் முழங்கைப் பக்கத்துச் சட்டையைப் பிடிக்கும். முதலில் அவன் உடம்பைப் பின்பக்கமாகச் சாய்த்து, மொத்தக் கனத்தையும் அவனுடைய ஒரு குதிகாலில் ஏற்ற வேண்டும். பிறகுதான் நம் கால் அவன் காலுக்குப் பின்னால் போய் வாரும். மேலே ஒரு பக்கம், கீழே எதிர்ப்பக்கம். கல்லூரிக் காலத்தில் மூன்று வருடம் ஜூடோ விரிப்பில் புரண்டதில் எனக்கு உருப்படியாகத் தெரிந்தது இந்த ஒன்றுதான்.

சென்னையில் பிரேசிலிய ஜியு-ஜிட்சு கற்கும் என் மகன் ஒருநாள் கேட்டான்: “சரிப்பா, காலை வாரிட்டீங்க, ஆள் விழுந்துட்டான். அதுக்கப்புறம்?” ஜூடோக்காரனுக்கு அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. எதிரி வேகத்தோடு மல்லாந்து விழுந்தால் நடுவர் கை தூக்குவார், ஆட்டம் முடிந்தது. ஜியு-ஜிட்சுவில் அதற்கு 2 புள்ளிதான், ஆட்டம் தரையில் தொடரும். அதைவிட மோசம், சாய்க்காமல் காலை மட்டும் நீட்டியவனின் முதுகுப் பக்கம் எதிரி நழுவிப் போய் இரண்டு கால்களாலும் கொக்கி போட்டுவிட்டால் அவனுக்கு 4 புள்ளி. வீழ்த்துதல் அங்கே முடிவு இல்லை, தொடக்கம்.

இந்த ‘அதுக்கப்புறம்’ கேள்வியோடு புறநானூற்றின் 80-ஆம் பாட்டை எடுத்துப் படித்தேன். உறையூர்த் தித்தனின் மகன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி, ஆமூர் மல்லனோடு பொருது வென்றதைச் சாத்தந்தையார் பாடிய பாட்டு. கிள்ளி மல்லனை எப்படி வீழ்த்தினான் என்பதைப் புலவர் சொல்லவே இல்லை. அவர் கண் கால்களின் மேல் இருக்கிறது. ஒரு கால் மல்லனின் மார்பை அழுத்துகிறது. இன்னொன்று அவன் செய்யும் மாற்று உபாயத்தைத் தடுத்தபடி பின்பக்கம் வளைகிறது. என் வாசிப்பில் இது ஆள் விழுந்த பிறகான நிலை. பிறகு பசித்த யானை மூங்கிலைத் தின்ன முயல்வதை உவமை சொல்லி, இரண்டு முனையும் ஒடிந்தது என்கிறார். தலைப்பக்கம் ஒன்று, கால்பக்கம் ஒன்று. விரிப்பில் கிடந்து பார்த்தவனுக்கு அந்த இரண்டு முனை என்ற விஷயம் சட்டென்று பிடிபடும். பெற்ற தகப்பன் மகிழ்ந்தாலும் சரி, மகிழாவிட்டாலும் சரி, இதைப் பார்க்கட்டும் என்று நடுவில் ஒரு குத்தலும் வருகிறது. அப்பனுக்கும் மகனுக்கும் ஆகாது.

இதைச் சொன்னதும் ‘அப்போ ஜூடோவே நம்மகிட்டருந்து போனதுதான்’ என்று கிளம்புவார்கள். 2011-ல் ‘ஏழாம் அறிவு’ வந்த பிறகு இந்த ஆசை இன்னும் கூடிப்போனது. பாட்டு அதற்குச் சாட்சி இல்லை. மனித உடம்புக்கு எங்கேயும் இரண்டு கால்தான், அதை வாரும் வழியும் பல ஊர்களில் தனித்தனியே கண்டுபிடிக்கப்பட்டிருக்கும். சாத்தந்தையாரிடம் நான் மதிப்பது அவர் பார்வையின் துல்லியத்தை.

ஜூடோ இந்தியாவுக்கு வந்த கதை எதிர்த்திசையில் நடந்தது. ரவீந்திரநாத் தாகூர் 1905-ல் சானோ ஜின்னோசுகேயையும், 1929-ல் தகாகாகி ஷின்சோவையும் சாந்திநிகேதனுக்கு வரவழைத்தார். பெண்களும் கற்றார்கள். அமர்த்யா சென்னின் தாயார் அமிதா சென் அங்கே ஜூடோ பயின்றவர். ஆனாலும் அந்த விதை அங்கே பெரிதாக வேர்விடவில்லை. கோடோகனின் இன்னொரு மாணவர் மயேதா மித்சுயோ 1914-ல் பிரேசில் போனார், பெலேம் நகரில் தங்கினார், கார்லோஸ் கிரேசி என்ற பையனுக்குக் கற்றுக்கொடுத்தார். கார்லோஸ் தன் தம்பிகளுக்குக் கற்பித்தார். கடைக்குட்டி ஹெலியோ ஒல்லியான உடம்புக்காரர். பலசாலி தன் மேலே ஏறிக் கிடக்கும்போது கீழிருந்தே சமாளிப்பது எப்படி என்பதில்தான் அந்த வீட்டின் கவனம் போனது.

இரண்டு கிளைகளும் 1951 அக்டோபர் 23 அன்று ரியோவின் மரக்கானா அரங்கில் மோதின. ஹெலியோவுக்கு 38 வயது, ஜப்பானின் கிமுரா மசாஹிகோவுக்கு 34. முந்தைய மாதம்தான் கிமுராவோடு வந்த கட்டோவை ஹெலியோ கழுத்தை இறுக்கித் தோற்கடித்திருந்தார். கிமுராவின் அடையாளமே ஓசோட்டோ காரி. மரத்தை எதிரியாக நிறுத்தி அதைப் பழகியவர். ஆனால் அன்றைய விதிப்படி வீழ்த்துதலுக்கு மதிப்பே கிடையாது. எதிரி பணிய வேண்டும், அல்லது மயங்க வேண்டும். வாழ்நாள் முழுக்கத் தீட்டிய அரிவாளுக்கு அன்று கூலி பூஜ்யம்.

கிமுரா தன் சுயசரிதையில் எழுதியிருப்பதன்படி, தூக்கித் தூக்கிப் போட்டும் விரிப்பு மெத்தென்று இருந்ததால் ஹெலியோவுக்கு அடி படவில்லை. அதனால் தரையிலேயே முடிக்க முடிவு செய்தார். முதல் சுற்று பத்து நிமிடம் அப்படியே போனது. இரண்டாம் சுற்றில் ஓசோட்டோ காரியால் மல்லாத்தி, மார்பின் மேல் கனத்தைப் போட்டு அமுக்கினார். கீழே கிடந்தவர் தள்ளப் பார்த்த கையைப் பற்றி முதுகுப் பக்கமாக முறுக்கினார். எலும்பு முறியும் சத்தம் கேட்டது என்கிறார். ஹெலியோ தரையைத் தட்டவில்லை. தட்டினால் தோல்வியை ஒப்புக்கொண்டதாகிவிடும். அண்ணன் கார்லோஸ்தான் துண்டை வீசி ஆட்டத்தை நிறுத்தினார்.

அந்த வாரலை வெறும் முன்னுரை என்று தள்ளிவிடுவது தவறு என்பது என் எண்ணம். மல்லாந்து படுத்துச் சண்டையிடுவதுதான் ஹெலியோவின் பலம். ஆனால் அவராகப் படுப்பது வேறு, கிமுரா விரும்பிய பக்கத்தில், விரும்பிய நொடியில் விழுவது வேறு. கால்களை இடையில் கொண்டுவந்து தடுக்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

இன்றைய ஜியு-ஜிட்சு ஆட்டக்காரர்கள் இடுப்பைப் பின்னுக்குத் தள்ளிக் குனிந்தே நிற்பார்கள். குனிந்தவனைப் பின்பக்கம் சாய்க்க முடியாது. அதனால் முதலில் கழுத்தைப் பிடித்துக் கீழே இழுக்க வேண்டும். அவன் வெடுக்கென்று நிமிர்வான். நிமிரும் அந்த நொடிதான் அறுப்பு. ஜூடோ பள்ளியில் எதிரி விழும்போது சட்டைக் கையை விடாதே என்பார்கள். அவன் தலை மோதாமல் இறங்குவதற்காக அந்தப் பிடி. ஜியு-ஜிட்சுவிலும் விடுவதில்லை, ஆனால் காரணம் வேறு. விழுந்தவனின் கை ஏற்கெனவே நம் பிடியில் இருக்கிறது. அந்தக் கையை முறுக்கும் பூட்டுக்கு ஜப்பானில் இன்றும் ‘உதே காராமி’ என்றே பெயர். பிரேசில்காரர்கள் தங்களைத் தோற்கடித்தவரின் பெயரையே அதற்கு வைத்தார்கள். சென்னை வகுப்பிலும் அதை ‘கிமுரா’ என்றுதான் சொல்கிறார்கள்.