தோட்டப் பிள்ளைகளின் கல்விப் பின்னடைவு: ஒரு வரலாற்று நோக்கு

கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களிலிருந்து பாடசாலைக்கு வரும் பிள்ளை எழுத்துக்கூட்டத் தடுமாறினால், அதனை 'மந்தம்' என முடிவுகட்டிவிடுகின்றோம். தனியாள் இடர்ப்பாடுகள் எச்சமூகத்திலும் உண்டு. அதனை நாம் மறுக்கவில்லை. ஆயின் ஒரு தொழிலாளர் சமூகமே கல்வியில் பின்தங்கும்போது, காரணத்தைப் பிள்ளையின் மூளையிலன்றி வரலாற்றிலேயே தேடுதல் வேண்டும்.

1867 இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் ரெயிலர் தொடக்கிய தேயிலைச் செய்கை பெருந்தோட்டத் தொழிலாக விரிந்தபோது, கொழுந்து பறிக்கும் கைகளே அதற்கு வேண்டியிருந்தன, எழுதும் கைகளல்ல. 1907 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வியளிக்கும் பொறுப்பைத் தோட்டத் துரைமாரிடமே ஒப்படைத்தது. உழைப்பை வாங்குபவனே கல்விக்கும் காவலனானான். இம்முரண்பாடே பிரச்சினையின் ஊற்றுக்கண் எனலாம்.

1945 இல் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலைகளோ தேசியக் கல்வி அமைப்புக்குப் புறத்தே நின்றன. 1948, 1949 ஆம் ஆண்டுச் சட்டங்கள் இம்மக்களுட் பெரும்பாலோரின் குடியுரிமையையும் வாக்கையும் பறித்தன. வாக்கற்றோரின் வகுப்பறைக்காக வாதாட யார் முன்வருவர்? அப்பாடசாலைகளை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது 1970களின் பிற்பகுதியிலேயே.

பெற்றோர் அதிகாலையிலேயே பெரட்டுக்குச் சென்றுவிட, தம்பி தங்கையரைப் பார்த்துக்கொண்டு லயக் காம்பராவில் வளரும் பிள்ளை, தலைமுறைகளின் இழப்பையும் சுமந்தே வகுப்பறைக்குள் நுழைகின்றது. 'இப்பிள்ளைக்கு என்ன குறை?' என்பதன்று, 'இப்பிள்ளைக்கு எவை மறுக்கப்பட்டன?' என்பதே ஆசிரியர் எழுப்பவேண்டிய முதல் வினா.