மறைந்த எழுத்தாளர்களும் நம் வீட்டுப் பரண்களும்

2017 ஜூன் 2ஆம் நாள், ரமலான் மாதத்து வெள்ளிக்கிழமையன்று, கவிக்கோ அப்துல் ரகுமான் சென்னையில் காலமானார். ஈராண்டு கழித்து 2019 மே 10ஆம் நாள், தோப்பில் முகம்மது மீரான் திருநெல்வேலியில் மறைந்தார். அதுவும் ரமலான் மாதத்து வெள்ளிக்கிழமையே. மதுரையில் பிறந்து வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் தமிழ் பயிற்றுவித்த முன்னவருக்கு 'ஆலாபனை'க்காக 1999இலும், மலையாளத்தில் கல்வி கற்றுத் தமிழில் நாவல் எழுதிய தேங்காய்ப்பட்டணத்தாருக்குச் 'சாய்வு நாற்காலி'க்காக 1997இலும் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. இவ்விருவரைப் பற்றியும் இதழ்கள் நிறைய எழுதிவிட்டன. அவர்களின் நூல்கள் கடைகளிலும் கிடைக்கின்றன.

ஆனால் அவர்களுக்கு முன்னர் நம் காவிரிக் கரையிலிருந்து எழுதியோரை எண்ணிப் பார்க்கையில் மனம் கனக்கிறது.

நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1917இல் பிறந்தவர். பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. சிறு வயதிலேயே மணமாகி, இளமையிலேயே கணவரையும் இழந்தார். வீட்டுக்குள்ளிருந்தே தமிழைக் கற்றுத் தேர்ந்த அவ்வம்மையார் 1938இல் 'காதலா? கடமையா?' என்னும் நாவலைத் தம் பெயரிலேயே வெளியிட்டார். ஏடு தேடி ஊர் ஊராய் அலைந்த உ.வே. சாமிநாதையர் அந்நூலைப் பாராட்டி எழுதினார். தமிழில் பெண்கள் எழுதுவதே அரிதாயிருந்த காலம் அது. நம் சமுதாயத்துப் பெண்ணொருவர் அச்சில் பெயர் காண்பதை அன்று எத்தனை வீடுகள் ஏற்றிருக்கும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். 'இஸ்லாமும் பெண்களும்', 'மகிழம்பூ' முதலிய நூல்களையும் படைத்து 1998இல் இறையடி சேர்ந்தார். இன்று நம் மஹல்லாப் பிள்ளைகளிடம் அவர் பெயரைச் சொன்னால், "யார் அவர்?" என்றே கேட்கின்றனர்.

கும்பகோணத்தை அடுத்த கீழ்மாந்தூரில் 1885இல் பிறந்த பா. தாவூத்ஷா, அரசுப் பணியைத் துறந்து 'தாருல் இஸ்லாம்' இதழைப் பல்லாண்டுகள் நடத்தியவர். மார்க்க விஷயங்களில் அவர் கருத்துகளோடு நம் முன்னோர் பலர் கடுமையாக மாறுபட்டனர், மறைப்பதற்கில்லை. எனினும் மாறுபட்டவர்களும் அவ்விதழின் தூய தமிழுக்காக அதை விரும்பிப் படித்ததாகப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1969இல் அவர் மறைந்தார்.

நாகூரில் 1921இல் பிறந்து, சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக உயர்ந்த மு.மு. இஸ்மாயில் கம்பனில் தோய்ந்தவர். சென்னைக் கம்பன் கழகத்தின் தலைவராக விளங்கி 2005இல் மறைந்தார். அவரைத் தமிழுலகம் மறக்கவில்லை. நாம்தாம் அவர் நம்மூர்ப்பக்கத்தவர் என்பதை மறந்துவிட்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர் வஃபாத்தானார். சில மாதங்களில் வீடு கைமாறிற்று. பரணில் அவர் அடுக்கி வைத்திருந்த இதழ்களும் நூல்களும் எடைக்குப் போயின. செய்தியறிந்து நாம் பழைய பேப்பர்க் கடைக்கு ஓடியபோது எஞ்சியிருந்தவை 'தாருல் இஸ்லாம்' இதழ்கள் மூன்றே; அவற்றிலும் ஒன்றுக்கு அட்டையில்லை. மற்றவை பொட்டலம் மடிக்கப் போய்விட்டனவாம். வெளிநாட்டிலிருந்து ஒரு வார விடுப்பில் வந்து வீட்டைக் காலி செய்த அவருடைய மக்களைக் குறை கூற நமக்கு நாவெழவில்லை. அந்த ஏடுகள் இன்னவையென நாம் அவர்களுக்கு என்றைக்கேனும் சொல்லியிருந்தோமா?

வரும் அறுவடைக்குப் பின் வீடுகளை வெள்ளையடிக்கும்போது பரண்கள் எப்படியும் இறங்கும். பழைய தமிழ் நூலோ, இதழோ, மணவாழ்த்து மடலோ, எறும்பரித்த ஒற்றைத் தாளோ கண்ணிற்பட்டால் எடைக்குப் போடுமுன் பள்ளிவாசல் அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்கள். நாமே வந்து எடுத்துக்கொள்கிறோம். அலுவலக அலமாரியில் மேல்தட்டு ஒன்றைக் காலி செய்து வைத்திருக்கிறோம். இப்போதைக்கு அதில் அந்த மூன்று இதழ்கள் இருக்கின்றன.