சட்டையில் அச்சான ஆயுதம்

1995 வாக்கில் அமெரிக்காவில் ஒரு டீ-ஷர்ட் உலவியது. அதில் பெர்ல் மொழியில் சில வரி நிரல். கூடவே, இந்தச் சட்டை ஒரு போர்த்தளவாடம், நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று ஓர் எச்சரிக்கை. கிண்டல்தான், ஆனா வெறும் கிண்டல் இல்லை. அந்த வரிகள் ஆர்எஸ்ஏ என்ற மறையாக்க முறையைச் செயல்படுத்துபவை. எழுதியவர் ஆடம் பேக், அப்போது பிரிட்டனில் ஆய்வு மாணவர். அன்றைய அமெரிக்க விதிப்படி வலுவான மறையாக்க மென்பொருள், டாங்கி, ஏவுகணையோடு ஒரே பட்டியலில் இருந்தது. உரிமம் இல்லாமல் ஏற்றுமதி செய்தால் குற்றம்.

மறையாக்கம்னா வேற ஒண்ணுமில்லை, என்கிரிப்ஷன். அனுப்புகிறவர், பெறுகிறவர் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி செய்தியைப் பூட்டுவது. நெடுங்காலம் அது பெரும்பாலும் ராணுவத்துக்கும் தூதரகங்களுக்குமான சரக்கு. 1976ல் விட்ஃபீல்டு டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் பொதுச்சாவி முறையை வெளியிட்ட பிறகுதான் அது பொதுமக்கள் பக்கம் நகர ஆரம்பித்தது. அரசுக்கு உறுத்தலும் அங்கேதான் தொடங்கியது.

1991ல் பில் ஜிம்மர்மேன் பிஜிபி என்ற மென்பொருளை இலவசமாக வெளியிட்டார். இவர் அணு ஆயுத எதிர்ப்பு இயக்கத்திலிருந்து வந்தவர். மறியல், கைது எல்லாம் பழக்கம். அதிகாரிகள் கேட்டால் செய்தியைப் படிக்கும்படி கொடுக்க வழி இருக்க வேண்டும் என்று ஒரு மசோதா செனட்டுக்கு வந்திருந்தது. அது சட்டமாவதற்குள் கருவி மக்கள் கையில் போய்ச் சேரட்டும் என்பது அவர் கணக்கு. வீட்டுக்கடன் தவணை ஐந்தைக் கட்டாமல் விட்டு இதை எழுதி முடித்தார். மென்பொருள் இணையம் வழியாக எல்லை தாண்டியது. 1993ல் அவர்மீது விசாரணை ஆரம்பித்தது.

அதே ஆண்டு ஏப்ரலில் கிளின்டன் அரசு 'கிளிப்பர் சிப்' திட்டத்தை அறிவித்தது. தொலைபேசியில் பேசுவதைப் பூட்ட அரசே ஒரு சில்லு தரும். அதன் சாவியை இரண்டாகப் பிரித்து இரண்டு அரசு அமைப்புகள் வைத்திருக்கும். வீட்டுக்குப் பூட்டு வாங்கினால் மாற்றுச் சாவியைப் போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்துவை என்கிற மாதிரி. கணினி வல்லுநர்களின் அமைப்பு ஒன்று மின்னஞ்சலில் எதிர்ப்பு மனு தொடங்கியது. சுமார் 50,000 பேர் கையெழுத்திட்டார்கள். அந்தக் கால இணையத்துக்கு இது பெரிய கூட்டம். 1994ல் பெல் ஆய்வகத்தின் மேட் பிளேஸ், அரசின் அந்தக் கண்காணிப்பு வழியையே ஏமாற்ற முடியும் என்று காட்டினார். அதைக் காத்து நின்ற சரிபார்ப்பு எண் வெறும் 16 பிட். 65,536 சாத்தியங்கள்தான். சில ஆண்டுகளில் திட்டம் படுத்துவிட்டது.

மறுபக்கம், 1995ல் எம்ஐடி பதிப்பகம் பிஜிபியின் மூலநிரலை அப்படியே புத்தகமாகப் போட்டது. மென்பொருளை ஏற்றுமதி செய்யத் தடை உண்டு, புத்தகத்துக்கு? அச்சுக்கு அரசியல் சாசனத்தின் பாதுகாப்பு இருக்கிறதே. 1996 ஜனவரியில் ஜிம்மர்மேன் மீதான விசாரணை வழக்கே இல்லாமல் கைவிடப்பட்டது. டேனியல் பெர்ன்ஸ்டைன் என்ற பெர்க்லி மாணவர் போட்ட வழக்கில், நிரலும் பேச்சுதான், பேச்சுரிமை அதற்கும் உண்டு என்று அதே ஆண்டு நீதிமன்றம் சொன்னது. 2000 ஜனவரியில் ஏற்றுமதி விதிகள் பெருமளவு தளர்ந்தன.

முழுப் புகழும் ஆர்வலர்களுக்கே போகாது. வெளிநாட்டுச் சந்தையை இழந்துகொண்டிருந்த மென்பொருள் நிறுவனங்களும் அழுத்தம் கொடுத்தன. ஆனால் அரசிதழ் மூலையில் கிடந்த ஒரு விதியைச் சட்டையாகவும் புத்தகமாகவும் மனுவாகவும் மாற்றி, எல்லோருக்கும் புரியவைத்தவர்கள் இவர்கள்தான்.

தோற்ற விதி தன் கறையை விட்டுத்தான் போனது. ஏற்றுமதிக்கென்று வேண்டுமென்றே பலவீனமாக்கிய பூட்டுகளை யாரும் முழுசாகக் கழற்றவில்லை. 2015ல் 'ஃபிரீக்' என்ற பெயரில் ஆய்வாளர்கள் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். 1990களின் 512 பிட் சாவிக்கு இறங்கிவரும்படி ஒரு வலைதளத்தை ஏமாற்ற முடிந்தது. பாதிக்கப்படக்கூடிய தளங்களில் அமெரிக்க உளவு நிறுவனமான என்எஸ்ஏவின் தளமும் ஒன்று! நல்லவனுக்கு மட்டும் திறக்கிற கதவு என்று ஒன்று கிடையாது.

நம் நாட்டுக்கு வருவோம். 2015 செப்டம்பரில் மத்திய அரசு ஒரு மறையாக்கக் கொள்கை வரைவை வெளியிட்டது. அனுப்பிய செய்தியின் பூட்டாத நகலைப் பயனர்கள் 90 நாள் வைத்திருக்க வேண்டுமாம். கடும் எதிர்ப்பு கிளம்ப, சில நாளில் வாபஸ். அப்புறம் சென்னை உயர்நீதிமன்றம். சமூக வலைதளக் கணக்குகளோடு ஆதாரை இணைக்கக் கோரி 2018ல் வந்த மனுக்கள், வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடிக்க முடியுமா என்ற கேள்வியாக மாறின. முடியும் என்றார் ஐஐடி மெட்ராஸின் காமகோடி. அது பலன் தராது என்று மறுத்தார் ஐஐடி பாம்பேயின் மனோஜ் பிரபாகரன். பிறகு வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2021 விதிகளில் அதே கோரிக்கை பெரிய செயலிகளுக்குக் கட்டாயமாகவே வந்துவிட்டது. அதை எதிர்த்து டெல்லி உயர்நீதிமன்றம் போனது வாட்ஸ்அப் நிறுவனம்.

இங்கேதான் எனக்கு நெருடுகிறது. 1990களில் பூட்டு வேண்டும் என்றவர்கள் அதைத் தாங்களே நிறுவி, சாவியைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். 2016ல் வாட்ஸ்அப் நூறு கோடிப் பேருக்கு ஒரே வீச்சில் பூட்டைப் போட்டுக் கொடுத்தது. பெரிய நன்மை, மறுக்கவில்லை. ஆனால் கேட்காமல் கிடைத்ததால், பறிபோனால் கேட்கவும் ஆள் இல்லை. 2025 பிப்ரவரியில் பிரிட்டிஷ் அரசின் நெருக்கடிக்கு நடுவே, ஐகிளவுடுக்கான மேம்பட்ட பாதுகாப்பை அங்கே புதிய பயனர்களுக்கு நிறுத்தியது ஆப்பிள். பயனர்களிடம் யார் கேட்டார்கள்?

இந்த இயக்கத்தை மீட்பது என்றால் எல்லோரும் நிரல் எழுத வேண்டும் என்று பொருள் இல்லை. அரசு ஒரு வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்கிறதா, படித்துப் பார்த்து நாலு வரி எழுதி அனுப்புங்கள். 2015ல் வரைவை வாபஸ் வாங்கவைத்தது ஏதோ ஒரு நிறுவனத்தின் வக்கீல் இல்லை. படித்துவிட்டுச் சத்தம் போட்ட ஜனங்கள்.