சாதகக் குறிப்பு

சாதகக் குறிப்பு அல்லது சாதகம் (ஜாதகம்) என்பது, ஒருவர் பிறந்த நேரத்தில் பிறந்த இடத்திலிருந்து நோக்கும்போது கோள்கள் வானில் இருந்த நிலைகளைக் குறித்து வைக்கும் பதிவு ஆகும். இந்தியச் சோதிட முறையில் இது இரண்டு பகுதிகளைக் கொண்டது. முதலாவது கணிதம். இதில் இராசி, இலக்கினம், நட்சத்திரம் போன்றவை கணக்கிடப்படுகின்றன. இரண்டாவது பலன். கணித்த நிலைகளுக்குச் சோதிட நூல்கள் கூறும் பொருளை உரைப்பது இதுவாகும். தமிழர் திருமணங்களில் பொருத்தம் பார்ப்பதற்குச் சாதகம் பரவலாகப் பயன்படுகிறது. எனவே கணிதப் பகுதியில் நேரும் சிறிய வேறுபாடு கூட ஒருவரது வாழ்வில் பெரிய விளைவை உண்டாக்கக்கூடும்.

இராசிச் சக்கரம்

புவியிலிருந்து பார்க்கும்போது சூரியன் ஓராண்டில் சுற்றி வருவது போல் தோன்றும் வான் பாதை 360 பாகைகளைக் கொண்டது. இது தலா 30 பாகை கொண்ட 12 இராசிகளாகப் பிரிக்கப்படுகிறது. மேடம், இடபம், மிதுனம், கற்கடகம், சிங்கம், கன்னி, துலாம், விருச்சிகம், தனு, மகரம், கும்பம், மீனம் என்பன அவை.

தென்னிந்தியாவிலும் இலங்கைத் தமிழரிடையேயும் இராசிச் சக்கரம் சதுர வடிவில் வரையப்படுகிறது. நடுப்பகுதி வெறுமையாக விடப்பட்டு, ஓரங்களில் 12 கட்டங்கள் அமைகின்றன. மேல் வரிசையின் இடது மூலையில் உள்ள கட்டம் மீனம். அதற்கு அடுத்தது மேடம். ஏனையவை வலஞ்சுழியாகத் தொடரும். கட்டங்களின் இடம் எப்பொழுதும் மாறுவதில்லை. அவற்றுள் எழுதப்படும் கோள்களும் இலக்கினமுமே சாதகத்துக்குச் சாதகம் மாறுபடும்.

கோள்கள்

சோதிடத்தில் கோள்கள் ஒன்பது. சூரியன், சந்திரன், செவ்வாய், புதன், வியாழன் (குரு), வெள்ளி (சுக்கிரன்), சனி என்பனவற்றுடன் இராகு, கேது ஆகியவையும் சேர்க்கப்படுகின்றன. இராகுவும் கேதுவும் கண்ணுக்குத் தெரியும் பொருட்கள் அல்ல. சந்திரனின் பாதை சூரியனின் தோற்றப் பாதையை வெட்டும் இரு புள்ளிகளே இவை. ஆதலால் இவை எப்பொழுதும் ஒன்றுக்கொன்று நேர் எதிரே, 180 பாகை இடைவெளியில் இருக்கும்.

ஒவ்வொரு கோளுக்கும் ஆட்சி வீடு, உச்ச வீடு, நீச வீடு என்பன வகுக்கப்பட்டுள்ளன. எடுத்துக்காட்டாக, சூரியனுக்குச் சிங்கம் ஆட்சி வீடு; மேடம் உச்ச வீடு; துலாம் நீச வீடு. ஒரு கோளின் நீச வீடு அதன் உச்ச வீட்டிலிருந்து ஏழாவதாக அமையும்.

இலக்கினம்

பிறந்த நேரத்தில் கிழக்கு அடிவானத்தில் உதயமாகிக் கொண்டிருக்கும் இராசி இலக்கினம் (லக்னம்) எனப்படும். புவி தன்னைத் தானே சுற்றுவதால் ஏறத்தாழ 24 மணி நேரத்தில் 12 இராசிகளும் உதயமாகின்றன. எனவே ஓர் இலக்கினம் சுமார் இரண்டு மணி நேரம் நீடிக்கும். ஒரு பாகை உதயமாவதற்குச் சுமார் 4 நிமிடங்கள் ஆகும்.

இலக்கினம் சரியாகக் குறிக்கப்பட்டுள்ளதா என்பதை எளிதில் சோதிக்கலாம். சூரியன் உதிக்கும் நேரத்தில் சூரியன் நிற்கும் இராசியே இலக்கினமாகும். சித்திரை மாதத்தில் சூரியன் மேடத்தில் இருப்பதால், அம்மாதத்தில் சூரிய உதயத்தின்போது பிறந்த குழந்தைக்கு மேட இலக்கினம் அமையும். மாலையில் சூரியன் மறையும்போது பிறந்த குழந்தைக்கு மேடத்துக்கு ஏழாவதான துலாம் இலக்கினமாகும்.

இலக்கினத்தை ஒன்றாகக் கொண்டு எண்ணப்படும் 12 இடங்கள் பாவங்கள் எனப்படுகின்றன. இரண்டாம் இடம் குடும்பம், செல்வம் ஆகியவற்றையும், நான்காம் இடம் தாயையும், ஐந்தாம் இடம் பிள்ளைகளையும், ஏழாம் இடம் வாழ்க்கைத் துணையையும், பத்தாம் இடம் தொழிலையும் குறிப்பதாகக் கொள்வர்.

நட்சத்திரமும் சென்ம இராசியும்

அதே 360 பாகைகள் அசுவினி முதல் இரேவதி வரையான 27 நட்சத்திரங்களாகவும் பிரிக்கப்படுகின்றன. ஒரு நட்சத்திரத்தின் அளவு 13 பாகை 20 கலை. ஒவ்வொரு நட்சத்திரமும் 3 பாகை 20 கலை கொண்ட நான்கு பாதங்களை உடையது. இதன்படி ஓர் இராசியில் ஒன்பது பாதங்கள் அடங்கும். அசுவினி, பரணி ஆகியவற்றின் எட்டுப் பாதங்களும் கார்த்திகையின் முதற் பாதமும் சேர்ந்தது மேட இராசி. கார்த்திகையின் எஞ்சிய மூன்று பாதங்கள் இடபத்தைச் சேரும்.

பிறந்த நேரத்தில் சந்திரன் இருக்கும் நட்சத்திரமே ஒருவரது பிறந்த நட்சத்திரம். சந்திரன் இருக்கும் இராசி சென்ம இராசி. பேச்சு வழக்கில் "இராசி" என்று மட்டும் கூறினால் அது சென்ம இராசியையே குறிக்கும். இலக்கினமும் இராசியும் ஒன்றெனக் கருதுவது தவறாகும். சந்திரன் ஓர் இராசியில் சுமார் இரண்டேகால் நாட்கள் தங்கும். இலக்கினமோ இரண்டு மணி நேரத்தில் மாறிவிடும்.

நவாம்சம்

ஓர் இராசியை ஒன்பதாகப் பிரித்து வரையப்படும் சக்கரம் நவாம்சம். இதன் ஒரு பங்கு ஒரு நட்சத்திரப் பாதத்துக்குச் சமம். இலக்கினம் ஒரு பங்கைக் கடக்கச் சுமார் 13 நிமிடங்களே ஆவதால், சில நிமிட இடைவெளியில் பிறந்த இரட்டையரின் இராசிச் சக்கரம் ஒன்றாக இருப்பினும் நவாம்ச இலக்கினம் வேறாகலாம்.

தசை

விம்சோத்தரி தசை முறையில் மனித ஆயுள் 120 ஆண்டுகள் எனக் கொள்ளப்பட்டு, ஒன்பது கோள்களுக்கும் பின்வருமாறு பகிரப்படுகிறது.

கேது - 7
சுக்கிரன் - 20
சூரியன் - 6
சந்திரன் - 10
செவ்வாய் - 7
இராகு - 18
குரு - 16
சனி - 19
புதன் - 17

பிறந்த நட்சத்திரத்துக்குரிய கோளின் தசையே முதலில் நடைபெறும். பிறக்கும்போது சந்திரன் அந்நட்சத்திரத்தில் கடக்க வேண்டிய மீதிக்கு ஏற்ப அத்தசையின் எஞ்சிய காலம் கணிக்கப்படும். இது தசை இருப்பு எனப்படுகிறது. எடுத்துக்காட்டாக, சந்திரன் மேடத்தில் 10 ஆம் பாகையில் இருந்தால் அசுவினியில் நான்கில் ஒரு பங்கு மீதமுள்ளது. அசுவினிக்கு உரிய கேது தசை 7 ஆண்டுகள் என்பதால் இருப்பு 1 ஆண்டு 9 மாதங்கள் ஆகும்.

செவ்வாய் தோசம்

இலக்கினத்திலிருந்து 2, 4, 7, 8, 12 ஆகிய இடங்களுள் ஒன்றில் செவ்வாய் இருப்பது செவ்வாய் தோசம் எனத் தமிழர் வழக்கில் கூறப்படுகிறது. பன்னிரண்டு இடங்களில் ஐந்து இவ்வாறு குறிக்கப்படுவதால், விதிவிலக்குகளை நீக்காமல் பார்த்தால் ஏறத்தாழ 40 விழுக்காட்டினருக்கு இது அமையும். சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் எண்ணுவோரும் உளர். அவ்வாறு எண்ணினால் இத்தொகை மேலும் கூடும்.

செவ்வாய் துலாத்தில் இருக்க, மேட இலக்கினத்தின் 29 ஆம் பாகையில் ஒரு பெண் பிறந்ததாகக் கொள்வோம். செவ்வாய் ஏழாம் இடத்தில் அமைவதால் தோசம் உண்டு. பத்து நிமிடம் பிந்திப் பிறந்ததாகக் குறித்திருந்தால் இடப இலக்கினம் ஆகும், செவ்வாய் ஆறாம் இடம், தோசம் இல்லை. பல திருமணப் பேச்சுகள் முறிவதற்குக் காரணமாகும் இத்தோசம், பிறந்த நேரத்தைக் குறித்தவரின் கடிகாரத்தைச் சார்ந்ததாகவும் இருக்கலாம்.

கணிப்பில் வேறுபாடுகள்

ஒருவருக்கே இரண்டு சாதகங்கள் வேறுபட்டு அமைவதற்குப் பல காரணங்கள் உண்டு.

நேரம்: இந்தியாவில் 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை போர்க்காலத்தையொட்டிக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னதாக வைக்கப்பட்டிருந்தது. இலங்கையில் 1996 மே மாதம் ஒரு மணி நேரம் முன்னகர்த்தப்பட்டு, அதே ஆண்டு அக்டோபரில் அரை மணி குறைக்கப்பட்டு, 2006 ஏப்ரலில் பழைய நேரம் மீண்டும் கொண்டுவரப்பட்டது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே பின்பற்றப்பட்டது. எனவே இக்காலத்தில் இலங்கையில் பிறந்தோரின் குறிப்பில் எந்த நேரம் எழுதப்பட்டது என்பதை அறிந்த பின்னரே கணிக்க வேண்டும். ஒரு மணி நேரப் பிழை இலக்கினத்தைச் சுமார் 15 பாகை நகர்த்தும். 20 ஆண்டுச் சுக்கிர தசையின் இருப்பில் சுமார் 10 மாத வேறுபாட்டை உண்டாக்கும்.

பஞ்சாங்கம்: வாக்கியப் பஞ்சாங்கம் பழைய வாக்கியங்களில் அடங்கிய எண்களைக் கொண்டு கணிக்கப்படுவது. திருக்கணிதம் தற்கால வானியல் கணிப்புகளைப் பின்பற்றுவது. இரண்டுக்கும் இடையே நட்சத்திரம் முடியும் நேரம் வேறுபடும். சனியின் நிலையில் இவ்வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. திருக்கணிதப்படி 2025 மார்ச் 29 அன்று சனி மீனத்துக்குப் பெயர்ந்தது. வாக்கிய முறையைப் பின்பற்றும் திருநள்ளாறு கோயில், பெயர்ச்சி 2026 ஆம் ஆண்டிலேயே நிகழும் என அறிவித்தது.

அயனாம்சம்: மேனாட்டுச் சோதிடம் சம இரவுப் புள்ளியிலிருந்து இராசிகளை எண்ணுகிறது. இப்புள்ளி சுமார் 72 ஆண்டுகளுக்கு ஒரு பாகை வீதம் பின்னோக்கி நகர்கிறது. இந்திய முறை விண்மீன்களை அடிப்படையாகக் கொண்டது. இரு முறைகளுக்கும் இடையிலான வேறுபாடு அயனாம்சம். தற்போது இது சுமார் 24 பாகை. இதனால் ஏப்ரல் 5 அன்று சூரியன் மேனாட்டு முறையில் மேடத்திலும், இந்திய முறையில் மீனத்திலும் இருக்கும். மேகநாத் சாகா தலைமையில் 1952 இல் அமைக்கப்பட்ட நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு, சித்திரை விண்மீனை 180 பாகையில் கொள்ளும் அயனாம்சத்தை ஏற்றது. வேறு அயனாம்சங்களைப் பயன்படுத்துவோரும் உளர்.

அறிவியல் நோக்கு

சாதகத்தின் கணிதப் பகுதி வானியல் சார்ந்தது. அதை எவரும் சரிபார்க்கலாம். பலன் கூறும் பகுதிக்கு அத்தகைய சான்று கிடைக்கவில்லை. வானியலாளர் செயந்த் நார்லிகரும் பிறரும் மகாராட்டிரத்தில் ஒரு சோதனை நடத்தினர். படிப்பில் சிறந்த மாணவர்களின் சாதகங்களும் மனவளர்ச்சி குன்றியோரின் சாதகங்களும் கலந்து, 27 சோதிடர்களிடம் தலா 40 சாதகங்கள் கொடுக்கப்பட்டன. எது எவருடையது என அவர்கள் சரியாகக் கூறியது சராசரியாக 46 விழுக்காடு. நாணயத்தைச் சுண்டிப் பார்த்துக் கூறினாலும் 50 விழுக்காடு அளவுக்குச் சரியாக அமையும். இம்முடிவுகள் 2009 இல் "கரண்ட் சயன்ஸ்" இதழில் வெளியாயின.